இனிப்புநீரும் கொலஸ்டராலும்: இரு உணவுப் போதனைகள் பற்றிய திறனாய்வு

கேமரன் மலையைப் பற்றிய வழிகாட்டி நூல்கள் இரண்டு செய்திகளைத் தவறாமல் கூறும். 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் இம்மலைப் பகுதியை அளக்க வந்தார் என்பது ஒன்று, 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார் என்பது மற்றொன்று. சரிவுகளைத் திருத்திச் செடி நட்டு, கூடை சுமந்து கொழுந்தெடுத்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றி ஓரிரு வரிகள் வந்தாலும் வரும். அக்குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் இன்று தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் பிரிஞ்சாங்கிலும் என்ன நோயோடு வாழ்கின்றனர் என்பதை எழுதுவோர் அரியர்.

2019-ஆம் ஆண்டில் மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, நாட்டில் பதினெட்டு வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 18.3 சதவீதத்தினர் இனிப்புநீர் உடையவர்கள். இந்தியரை மட்டும் தனியே எண்ணியபோது அது 31.4 சதவீதமாக இருந்தது. ஏறக்குறைய மூவரில் ஒருவர் என்று கொள்ளலாம். இரத்தத்தில் கொலஸ்டரால் மிகுந்தோர் நாட்டு மக்களில் 38.1 சதவீதம் என்றும் அதே ஆய்வு கண்டது. இவ்விரு நோய்களும் தனித்தனி நோய்கள் அல்ல; ஒரே வீட்டில் குடியிருப்பவை. நடுவயதில் வரும் இனிப்புநீரான இரண்டாம் வகை உடையவர்களுள் பெரும்பாலோரை இறுதியில் வீழ்த்துவது மாரடைப்பும் அது போன்ற இரத்தக் குழாய் நோய்களுமே ஆகும்.

சென்ற ஆண்டு தானா ராத்தாவில் என் பெரியம்மா வீட்டுக்குச் சென்றிருந்தேன். இளமையில் கொழுந்தெடுத்தவர், பதினைந்து ஆண்டுகளாக இனிப்புநீர்காரர். சமையலறைச் சுவரில் ஒரு மருத்துவ நிலையத்தார் கொடுத்த தாள் ஒட்டியிருந்தது. எண்ணெய், தேங்காய்ப்பால், முட்டை, ஆட்டிறைச்சி ஆகியவற்றை விலக்குமாறு அது கூறியது. கோலாலம்பூரில் வேலை செய்யும் அவருடைய இளைய மகளோ, சோற்றை அடியோடு விட்டு முட்டையும் இறைச்சியும் நெய்யும் உண்ணுமாறு கைப்பேசியில் நாள்தோறும் செய்தி அனுப்பிக் கொண்டிருந்தாள். பெரியம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, அந்தத் தாளு எண்ணெய் வேணாங்குது, சின்னவ சோறு வேணாங்கிறா. பின்னே தேத்தண்ணியக் குடிச்சிக்கிட்டே கிடக்கவா?"

அவர் கையில் இருந்த தேத்தண்ணீர் டின்பால் கலந்தது.

அவ்வினா நகைப்புக்கு உரியதன்று; நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று கேட்கப்படுவது. கொழுப்பை விலக்கு என்பது ஒரு போதனை. சோற்றை விலக்கு என்பது மற்றொரு போதனை. ஒன்றையொன்று பொய் என்று இரண்டும் சாடுகின்றன. சான்றுகளோடு ஒப்பிட்டு நோக்கின், ஒவ்வொன்றும் பாதி உண்மையைக் கூறி மறு பாதியை விட்டுவிடுகிறது என்பதும், நம் மக்களுக்கு அந்த விடுபட்ட பாதியே ஆபத்தானது என்பதும் விளங்கும். அதனை இங்கு ஆராய்வோம்.

கணக்கில் மூன்று பெயர்கள்

முதலில் கொலஸ்டரால் என்ற சொல்லையே சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரத்தப் பரிசோதனைத் தாளில் மூன்று பெயர்கள் வருகின்றன. எல்.டி.எல். என்பது கொலஸ்டராலைச் சுமந்து சென்று இரத்தக் குழாய்ச் சுவரில் படியவிடும் துகள். எச்.டி.எல். என்பது அதனைக் கல்லீரலுக்குத் திருப்பிக் கொண்டுவரும் துகள். மூன்றாவதாகிய ட்ரைகிளிசரைடு கொலஸ்டரால் அன்று. உடம்பு எரிபொருளாகச் சேர்த்து வைக்கும் கொழுப்பு.

இனிப்புநீர் இல்லாத ஒருவருக்கு எல்.டி.எல். ஒன்றே பெரும்பாலும் கவலைக்கு உரியது. இனிப்புநீர்காரருக்கு நிலைமை வேறு. இன்சுலினின் சொல் உடம்பில் எடுபடாதபோது, கொழுப்புத் திசுக்கள் அடங்காமல் கொழுப்பமிலத்தை இரத்தத்தில் விடுகின்றன. கல்லீரல் அதனை ட்ரைகிளிசரைடு நிறைந்த துகள்களாக்கி மீண்டும் இரத்தத்திற்கே அனுப்புகிறது. அத்துகள்கள் எச்.டி.எல்.லோடும் எல்.டி.எல்.லோடும் சரக்கை மாற்றிக்கொள்கின்றன. அதன் விளைவாக எச்.டி.எல். குறைகிறது, எல்.டி.எல். துகள்கள் சிறுத்தும் எண்ணிக்கையில் பெருத்தும் போகின்றன. ஆகவே, பரிசோதனைத் தாளில் எல்.டி.எல். அளவு "பரவாயில்லை" என்று தோன்றினும், குழாய்ச் சுவரைத் துளைக்கும் துகள்கள் மிகுந்திருக்கலாம். மொத்தக் கொலஸ்டராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து வரும் எண்ணையும் மருத்துவர்கள் பார்ப்பது இதனாலேதான்.

ஆயினும் எல்.டி.எல். சிறிய பகைவன் ஆகிவிடவில்லை. இங்கிலாந்தில் இரண்டாம் வகை இனிப்புநீர்காரரைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த பேராய்வு ஒன்றின் முடிவு 1998-இல் வெளிவந்தது. அவர்களுக்கு இதய நோய் வருவதை முன்னறிவிக்கும் காரணங்களை அது வரிசைப்படுத்தியது. முதலிடம் உயர்ந்த எல்.டி.எல்.லுக்கு, இரண்டாமிடம் தாழ்ந்த எச்.டி.எல்.லுக்கு. இந்த வரிசையை வாசகர்கள் நினைவில் இருத்த வேண்டும். பின்னர் இதுவே நமக்குத் துலாக்கோல் ஆகும்.

முதற் போதனை: கொழுப்பை விலக்கு

இப்போதனை வெறுங் கற்பனையில் பிறந்தது அன்று. விலங்குக் கொழுப்பு, வெண்ணெய் முதலியவற்றில் உள்ள பூரிதக் கொழுப்பு இரத்தக் கொலஸ்டராலை எவ்வளவு உயர்த்தும் என்பதை அமெரிக்காவில் ஆன்செல் கீஸ் 1950-களிலேயே கணக்கிட்டுச் சமன்பாடாகத் தந்தார். அதன் அடிப்படை இன்றும் நிற்கிறது. பூரிதக் கொழுப்பு மிகுந்தால், எல்.டி.எல்.லைப் பிடித்து இழுத்துக்கொள்ளும் வாயில்கள் கல்லீரலில் குறைகின்றன, எல்.டி.எல். இரத்தத்திலேயே தங்குகிறது.

நம்மவர் சமையலுக்கு இது நேரே பொருந்தும். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு பூரிதக் கொழுப்பு. செம்பனை எண்ணெயில் ஏறக்குறையப் பாதி. "நம் பாட்டன் பூட்டன் தேங்காய் உண்டு வாழவில்லையா?" என்று கேட்போர் உண்டு. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதினாறு பரிசோதனைகளைத் தொகுத்து 2020-இல் வெளியிட்ட முடிவு அவர்களுக்கு விடை கூறும். வெப்ப மண்டலத்தைச் சேராத பிற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டபோது, தேங்காயெண்ணெய் எல்.டி.எல்.லை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராமும் எச்.டி.எல்.லை 4 மில்லிகிராமும் உயர்த்தியது. செம்பனை எண்ணெயும் எல்.டி.எல்.லை உயர்த்துவதை 2015-இல் வெளிவந்த மற்றொரு தொகுப்பு காட்டியது. ஆகவே சுவரில் ஒட்டிய தாள் தேங்காய்ப்பாலைக் குறைக்கச் சொன்னது சரியே.

அப்படியானால் குறை யாது? விலக்கிய கொழுப்பின் இடத்தில் எதை வைப்பது என்று தாள் சொல்லவில்லை என்பதே குறை. வயிறு வெற்றிடத்தைப் பொறுக்காது. கறியும் முட்டையும் தேங்காயும் போனால், நம் வீட்டில் அந்த இடத்தை நிரப்புவது சோறு; காலையில் அது ரொட்டியும் பிஸ்கட்டும். அவ்வாறு நிரப்பினால் நேர்வது என்ன என்பதை டாலஸ் நகரில் ஆய்ந்தவர், டெல்லியில் மருத்துவம் பயின்ற அபிமன்யு கார்க். இரண்டாம் வகை இனிப்புநீர் உடைய பத்துப் பேருக்கு இரு வகை உணவுகளை 28 நாள் வீதம் மாற்றி மாற்றிக் கொடுத்து, 1988-இல் அவர் முடிவை வெளியிட்டார். ஒன்று மாச்சத்து 60 சதவீதம் உள்ள உணவு. மற்றொன்றில் மாச்சத்து 35 சதவீதமே. குறைத்த இடத்தை ஒலிவ எண்ணெய் போன்றவற்றில் உள்ள ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு நிரப்பியது. இரண்டாவது உணவில் ட்ரைகிளிசரைடு நான்கில் ஒரு பங்கு குறைந்தது, எச்.டி.எல். 13 சதவீதம் உயர்ந்தது, எல்.டி.எல். உயரவில்லை, சர்க்கரையும் தாழ்ந்தது. பத்துப் பேர் சிறு தொகை என்று கூறலாம். 1994-இல் பெரிய குழுவைக் கொண்டு செய்த ஆய்வும் இதே திசையைக் காட்டியது.

இது அமெரிக்கக் கதை, நமக்கு ஏது என்று ஒதுக்க இயலாது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நகர மக்களிடையே நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வுகளில், உண்ணும் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி தீட்டிய தானியத்திலிருந்தே, அதாவது பெரும்பாலும் அரிசியிலிருந்தே, கிடைத்தது. தீட்டிய தானியம் மிகுதியாக உண்டவர்களிடம் ட்ரைகிளிசரைடு மிகுந்தும் எச்.டி.எல். குறைந்தும் இருந்தன. கொழுப்பைக் கண்டு அஞ்சிச் சோற்றை ஏற்றுபவர், ஒரு வாயிலை அடைத்து மறு வாயிலைத் திறந்து வைப்பவரே ஆவர்.

நோய்க்கணக்கின் பழைய ஏடுகளும் இதற்குச் சாட்சி. பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறையின் முதல் தலைவராக விளங்கிய டி. ஜே. தனராஜ் 1959-இல் சிங்கப்பூர்ப் பிணச்சோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். இதயக் குழாய் நோய் சீனரைவிட இந்தியரிடம் பன்மடங்கு மிகுந்திருப்பதைக் காட்டினார். 1967-இல் எஸ். எல். மல்ஹோத்ரா இந்திய ரயில்வே ஊழியரை ஒப்பிட்டபோது, நெய்யும் பாலும் மிகுதியாக உண்ட வடக்கைவிட, கொழுப்புக் குறைவாகவும் அரிசி மிகுதியாகவும் உண்ட தெற்கில் இதய நோய் மரணம் ஏறத்தாழ ஏழு மடங்கு இருந்தது. இதனால் நெய் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. இரு பகுதி மக்களுக்கும் வேறு பல வேற்றுமைகளும் உண்டு. கொழுப்பு ஒன்றே குற்றவாளி என்ற கொள்கையால் நம்மவர் நோயை விளக்க முடியாது என்ற அளவில் இதனைக் கொள்வது தகும்.

அரிசி மீது ஒரு பழைய வழக்கு

மலாயா மண்ணில் அரிசி குற்றவாளிக் கூண்டில் ஏறியது இது முதல் தடவை அன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் மடிந்தனர்; புழுங்கலரிசி உண்ட தமிழர் தப்பினர். இவ்வேற்றுமையைக் கண்டு காரணம் அரிசியில் உள்ளது என்று வாதிட்டவர் டாக்டர் பிராடன். அவர் நூல் 1907-இல் வந்தது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் அதனைப் பரிசோதனையால் நிலைநாட்டினர். அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு உயிர்ச்சத்தும் போய்விடுகிறது. புழுக்கும்போது அதில் ஒரு பகுதி மணிக்குள்ளேயே தங்குகிறது.

இதைக் கேட்டதும், "அப்படியானால் புழுங்கலரிசிக்கு மாறினால் போதும்" என்று சிலர் முடிவு செய்வர். பெரிபெரிக்கு அது போதும், இனிப்புநீருக்குப் போதாது. சென்னை ஆய்வில் மக்கள் உண்ட அரிசியும் பெரும்பாலும் புழுங்கலே. ஆனால் நன்கு தீட்டப்பட்ட புழுங்கல். தவிடு நீங்கா அரிசி இரத்தச் சர்க்கரையைக் குறைவாக உயர்த்துகிறது என்பது உண்மை. ஆயினும் முதற் கேள்வி அரிசியின் வகை அன்று, அளவு.

அளவைப் பற்றிப் பேசும்போது உழைப்பை மறக்கலாகாது. நாள் முழுதும் சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்தெடுத்த பெண்ணுக்குச் சோறு எரிபொருள். இன்று மலையில் கொழுந்து வெட்டுவோரில் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்; கையில் வெட்டும் கருவி. லயத்தில் பிறந்த நம் பிள்ளைகள் கடையிலும் ஓட்டலிலும் அலுவலகத்திலும் வண்டியிலும் அமர்ந்து வேலை செய்கின்றனர். உழைப்பு குறைந்தது; சோற்றுக் குவியல் குறையவில்லை. எரியாத மாச்சத்தைக் கல்லீரல் கொழுப்பாக்கி இரத்தத்தில் விடுகிறது. பாட்டன் உண்டதையே உண்கிறோம் என்பது உண்மையே ஆயினும், பாட்டன் செய்த வேலையை நாம் செய்யவில்லை.

இரண்டாம் போதனை: சோற்றை விலக்கு

கடந்த பத்து ஆண்டுகளில் தமிழர்களிடையே வேகமாகப் பரவியது இப்போதனை. ஆதிமனிதன் உணவு, பேலியோ உணவு என்றெல்லாம் பெயர் பெற்று, கைப்பேசி வழியே தமிழ்நாட்டிலிருந்து மலைநாட்டுக்கும் வந்துவிட்டது. இதனைப் பின்பற்றிச் சர்க்கரை தாழ்ந்தவர், எடை குறைந்தவர் பலர் உண்டு. அவர்கள் கூற்றைப் பொய்யென்று தள்ளுவது நேர்மை ஆகாது. சோறும் சர்க்கரையும் குறைந்தால் ட்ரைகிளிசரைடு தாழும், எச்.டி.எல். உயரும் என்பதை மேலே கண்டோம். முதற் போதனை காணாத பாதியை இப்போதனை கண்டது. அந்தப் புகழ் அதற்கு உரியது.

ஆயினும் இதனைப் பரப்புவோர் சிலர் மேலும் ஒரு படி செல்கின்றனர். எல்.டி.எல். உயர்ந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை, எச்.டி.எல். உயர்ந்துவிட்டது, ட்ரைகிளிசரைடு தாழ்ந்துவிட்டது, அது போதும். கொலஸ்டரால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்கின்றனர். இங்கேதான் உயிருக்கு ஆபத்து. நாம் முன்னே குறித்த துலாக்கோலை எடுத்துக்கொள்வோம்: முதலிடம் எல்.டி.எல்.லுக்கு. நெய்யும் வெண்ணெயும் கொழுப்பிறைச்சியும் மிகுந்தால் அது உயரும். சிலருக்கு மிகக் கடுமையாக உயரும். எச்.டி.எல். உயர்வு அந்த இழப்பை ஈடு செய்யும் என்பதற்குச் சான்று இல்லை. எச்.டி.எல்.லை உயர்த்தும் மருந்துகளைச் செய்து பார்த்தார்கள். டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை வெகுவாக உயர்த்தியும், அதனை உண்டவர்களில் மரணம் மிகுந்தமையால் 2006-இல் ஆய்வு நிறுத்தப்பட்டது. தாழ்ந்த எச்.டி.எல். நோயின் அறிகுறி, அதனை மட்டும் உயர்த்திக் காட்டுவது நோயைத் தீர்ப்பது ஆகாது.

மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல். இதய நோய் இல்லாத இரண்டாம் வகை இனிப்புநீர்காரர் 2,838 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று 2004-இல் வெளிவந்தது. நாள்தோறும் 10 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் உண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் முதலியன 37 சதவீதம் குறைந்தன. பயன் அத்துணைத் தெளிவாக இருந்தமையால், குறித்த காலத்திற்கு இரண்டாண்டு முன்பே ஆய்வை முடித்தனர். சோற்றைக் குறைத்து எடை குறைந்த மகிழ்ச்சியில் இம்மாத்திரையைக் கைவிடுபவர் எதைக் கைவிடுகிறார் என்பதை அறிந்து செய்ய வேண்டும். மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. இன்சுலினோ சர்க்கரையைத் தாழ்த்தும் சில மாத்திரைகளோ உட்கொள்பவர், மருத்துவரிடம் கூறாமல் திடீரெனச் சோற்றை நிறுத்தினால், சர்க்கரை மிகத் தாழ்ந்து மயங்கி விழவும் கூடும்.

முட்டையைப் பொறுத்தவரை இரண்டாம் போதனையின் பக்கமே நியாயம் சற்று மிகுதி எனலாம். உணவில் உள்ள கொலஸ்டரால் இரத்தக் கொலஸ்டராலைப் பலருக்குச் சிறிதளவே உயர்த்தும். பூரிதக் கொழுப்பே பெரிதும் உயர்த்துவது. ஆஸ்திரேலியாவில் 140 பேரைக் கொண்டு செய்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை இனிப்புநீரோ அதன் முன்னிலையோ உடையவர்கள் வாரம் பன்னிரண்டு முட்டை மூன்று மாதம் உண்டும் கொலஸ்டரால் கெடவில்லை. மூன்று மாதம் நீண்ட காலம் அன்று. ஆயினும் முட்டையைச் சுவரில் எழுதி விரட்ட வேண்டியதில்லை.

இரண்டையும் இணைக்கும் சான்று

இவ்விரு போதனைகளும் ஒன்றுக்கொன்று பகையா? அல்ல என்று காட்டுவது ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரில் நடந்த மற்றோர் ஆய்வு. இதுவும் 2015-இல் வந்தது. இரண்டாம் வகை இனிப்புநீர்காரர் 115 பேரை இரு குழுவாக்கி ஓராண்டு கவனித்தனர். ஒரு குழுவுக்கு மாச்சத்து மிகக் குறைவு. மற்றக் குழுவுக்கு மாச்சத்து மிகுதி, கொழுப்புக் குறைவு. முக்கியமான செய்தி இதுதான்: முதற் குழுவிலும் பூரிதக் கொழுப்பைத் தாழ்வாகவே வைத்தனர். மாச்சத்தின் இடத்தை நெய்யாலும் வெண்ணெயாலும் நிரப்பாமல், நிறைவுறாக் கொழுப்பாலும் புரதத்தாலும் நிரப்பினர். ட்ரைகிளிசரைடும் எச்.டி.எல்.லும் அக்குழுவுக்கே மிகுதியாகச் சீர்பட்டன, எல்.டி.எல்.லில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. இரண்டு பாதியும் ஒரே தட்டில் கூடலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

மரக்கறி உணவின் பக்கத்திலிருந்தும் ஒரு சான்று உண்டு. நீல் பர்னார்டு என்பவர் 99 இனிப்புநீர்காரரை 22 வாரம் ஆய்ந்து 2006-இல் எழுதினார். பாலும் முட்டையும்கூட இல்லாத, கொழுப்புக் குறைந்த தாவர உணவை உண்டவர்களுள், கொலஸ்டரால் மருந்தை மாற்றாதவர்களுக்கு எல்.டி.எல். 21 சதவீதம் தாழ்ந்தது. வழக்கமான இனிப்புநீர் உணவை உண்டவர்களுக்கு 11 சதவீதம் அளவே தாழ்ந்தது. மாச்சத்து நிறைந்த உணவிலும் இது நேர்ந்தது எவ்வாறு? அவ்வுணவு வெள்ளைச் சோறு அன்று. பருப்பும் காயும் தவிடுள்ள தானியமும் ஆகும். நாரின் ஆற்றலை 2000-இல் கார்க் குழுவினர் தனியே காட்டினர்: நாள்தோறும் 24 கிராம் நார் உண்டபோது இருந்ததைவிட, 50 கிராம் உண்டபோது மொத்தக் கொலஸ்டரால் 6.7 சதவீதமும் ட்ரைகிளிசரைடு 10.2 சதவீதமும் தாழ்ந்தன. அந்த நார் மருந்துக் கடையில் வாங்கியதன்று. காய், பழம், தானியங்களிலிருந்தே வந்தது.

அரசாங்கத்தின் தட்டு

மலேசியச் சுகாதார அமைச்சு அண்மைக் காலத்தில் மக்களுக்குக் கூறிவரும் "சுக்கு, சுக்கு, செபாரோ" என்ற முறையை இச்சான்றுகளின் ஒளியில் பார்த்தால், அது இரு போதனைகளையும்விட அறிவுடையது என்றே கூற வேண்டும். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், கறி, பருப்பு போன்ற புரதம், அரைப் பங்கு காயும் பழமும். 2020-ஆம் ஆண்டு உணவுக் கூம்பிலும் அடித்தளத்திலிருந்த சோற்றை ஒரு படி மேலேற்றி, காயையும் பழத்தையும் அடியில் வைத்தனர். அரிசி நாடு ஒன்றில் இது சிறிய துணிவு அன்று.

எனினும் இரு குறைகள் உண்டு. முதலாவது, நம்மவர் தட்டில் பங்குகள் பிரிந்து நிற்பதில்லை. நடுவே சோறு, அதன் மேல் குழம்பு, ஓரத்தில் சிறிது காய். பிசைந்து உண்பவருக்குக் கால் பங்கு எது, அரைப் பங்கு எது என்று வட்டப் படம் கற்பிக்காது. "முதலில் காயையும் பருப்பையும் தட்டில் இடு, சோற்றைக் கடைசியில், ஒரு கைப்பிடி அளவே இடு" என்று நம் வழக்கத்தில் சொன்னால்தான் விளங்கும். இரண்டாவது, தட்டுப் படம் தட்டைக் காட்டுகிறதே தவிர, சட்டியைக் காட்டவில்லை. குழம்பில் இட்ட தேங்காய்ப்பாலும், பொரியலில் ஊற்றிய எண்ணெயும், பக்கத்தில் வைத்த குவளையும் கணக்கில் வாராமல் போகின்றன.

மலைவாழ் தமிழர் செய்யத் தக்கது

அந்தக் குவளையிலிருந்தே தொடங்குவோம். தேயிலை மலையில் வாழ்வோர் தேநீரை விட வேண்டியதில்லை, தேநீர் குற்றமற்றது. டின்பாலில் எடையில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை. கடைகளில் இன்று விற்கும் டின்கள் பலவற்றில் பால் கொழுப்புக்கு மாறாகச் செம்பனை எண்ணெய் உள்ளது. ட்ரைகிளிசரைடை ஏற்றும் பொருளும் எல்.டி.எல்.லை ஏற்றும் பொருளும் ஒரே கரண்டியில் விழுகின்றன. இரு போதனைகளும் கண்டிக்கும் ஒரே பொருள் இதுவே. ஆனால் பெரியம்மாவின் சுவர்த் தாளில் இது இடம் பெறவில்லை. 2019 ஜூலை முதல் புட்டியிலும் டின்னிலும் அடைத்து விற்கும் இனிப்புப் பானங்களுக்கு அரசாங்கம் லிட்டருக்கு 40 காசு வரி விதித்தது. ஒட்டுக்கடையில் ஆற்றித் தரும் தேத்தண்ணீரை அவ்வரி தொடாது. அதனை நாமே தொட வேண்டும். வெறுந் தேத்தண்ணீர், அல்லது சர்க்கரையின்றிச் சிறிது பால் கலந்தது, என்று கேட்டு வாங்கப் பழகுவது முதற் படி.

இரண்டாம் படி பருப்பு. 26 பரிசோதனைகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட முடிவின்படி, பருப்பு, கடலை, பயறு வகைகளை நாளொன்றுக்கு ஏறத்தாழ 130 கிராம் உண்டால் எல்.டி.எல். 5 சதவீதம் தாழும். சிறு எண்ணாகத் தோன்றலாம். ஆனால் அதே பருப்பு சோற்றின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது என்பதே அதன் பெருமை. நம் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. அதனைத் தண்ணீராக்காமல் கெட்டியாக வைப்பதும், கொண்டைக்கடலை, பச்சைப்பயறு சுண்டலைக் கோயில் நாளுக்கு மட்டும் ஒதுக்காமல் இருப்பதும் நல்லது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தௌஃபுவும் தெம்பேயும் இவ்வினமே. வெந்தயத்தைப் பற்றி ஹைதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனத்தில் ஆர். டி. சர்மா 1990-களில் செய்த ஆய்வுகள் கொலஸ்டரால் தாழ்வதைக் காட்டின. எனினும் அவை சிறிய ஆய்வுகள். வெந்தயம் துணை ஆகலாம். மாத்திரைக்கு மாற்று ஆகாது.

மூன்றாம் படி காய். கோசும் தக்காளியும் கீரையும் நம் வாசலிலேயே விளைந்து, லாரி லாரியாகத் தீபகற்பம் முழுதும் செல்கின்றன. அவற்றினிடையே வாழும் நாம் காயைத் தொட்டுக்கொள்ளும் பொருளாக மட்டும் வைத்திருப்பது விந்தை. கறியைப் பொறுத்தவரை, கெம்போங் என்று விற்கும் கானாங்கெளுத்தியைப் பொரிக்காமல் குழம்பு வைத்தாலும், கோழியைத் தோல் நீக்கிச் சமைத்தாலும், தேங்காய்ப்பாலைப் பண்டிகை நாளுக்கு நிறுத்திக்கொண்டாலும், இரண்டு போதனைகளின் நற்பகுதியும் ஒரே அடுப்பில் ஏறிவிடும்.

இவையெல்லாம் காசுள்ளவர்க்கே இயலும் என்பர் சிலர். ஒலிவ எண்ணெயும் பாதாமும் அவ்வாறே; மறுப்பதற்கில்லை. ஆனால் டின்பாலை விடுவதற்கும், சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுவதற்கும், எண்ணெய்ச் சட்டியில் கையை அடக்குவதற்கும் பெருஞ்செலவு இல்லை. வேண்டுவது, வீட்டில் சமைப்பவருக்கும் உண்பவருக்கும் ஒரே செய்தி ஒரே குரலில் சென்று சேர்வது. மருத்துவ நிலையம் ஒன்றும் மகள் ஒன்றும் கூறும் வீட்டில் நோயாளி இரண்டையும் விட்டுவிடுவார், அதுவே நடக்கின்றது.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் பெரும்பாலும் உணவின் அளவையே பேசுகிறது. விலக்கு என்ற ஒற்றைச் சொல்லால் வாழ்க்கையை நடத்த முடியாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். இன்றைய ஆய்வுகளும் எதை விலக்குவது என்பதோடு, விலக்கிய இடத்தில் எதை இடுவது என்பதையும் சேர்த்தே கேட்கின்றன. இனிப்புநீர்காரருக்கு உணவு கூறும் எவரும், அவர் வெள்ளை அங்கி அணிந்தவராயினும் கைப்பேசியில் போதிப்பவராயினும், இவ்விரண்டாம் கேள்விக்கு விடை கூறாவிடின் அவர் அறிவுரை பாதியே.

பெரியம்மாவிடம் நான் அன்று நீண்ட விளக்கம் எதுவும் கூறவில்லை. மாத்திரையை நிறுத்த வேண்டாம். சோற்றைப் பாதியாக்கிப் பருப்பையும் கோசையும் இரட்டியுங்கள். முட்டையைக் கண்டு அஞ்ச வேண்டாம். தேத்தண்ணீரில் டின்பால் வேண்டாம் என்றேன். முதல் மூன்றையும் உடனே ஒப்புக்கொண்டார். நான்காவதைக் கேட்டதும் குவளையைச் சற்று மறைத்துக்கொண்டார். இம்மலையில் தமிழர் செய்ய வேண்டிய சீர்திருத்தம் எங்கே தொடங்க வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.